சாப்பாடெல்லாம் ஆச்சா?

கர்ப்பம் முதல் உடம்பு தேறும்வரை தாய்க்குத் துணையிருப்பது என் தொழில், டூலா என்பார்கள். குழந்தையைக் கொஞ்ச ஊரே வரும். நான் பெற்றவளைப் பார்க்க வருகிறவள்.

அன்று, புதிதாய்ப் பெற்ற ஒருத்தியின் வீட்டில் கதவைத் திறந்த அவள் கணவரிடம், "வீட்ல சாப்பாடெல்லாம் ஆச்சா?" என்றேன். உடனே கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தார்.

"அறுபது மில்லி குடிச்சான்க்கா. டயப்பரும் மாத்தியாச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மகனைக் கேக்கல தம்பி. பெத்தவளக் கேட்டேன்."

மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். உள்ளே, கட்டிலோரம் காலையில் வைத்த ரொட்டி காய்ந்து கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கத்தான் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை. பிள்ளையை வாங்கி அவர் தோளில் போட்டுவிட்டு, அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த முறை போனபோது, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்குறாக்கா. வயிறார சாப்டுட்டுதான் தூங்குறா. நானே சமைச்சேன்."

அவர் கண்கள் உள்ளே போயிருந்தன. சட்டையெல்லாம் பால் கறை. மனசு இளகிவிட்டது.

"நீங்க சாப்டீங்களா தம்பி?"

"இப்பதான்க்கா," என்றார். "எண்பது மில்லி."