ஒரு சாண் வரப்பு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். உழவு தொடங்கும் முன் வரப்பைச் சீர் செய்கிறேன் என்று மண்வெட்டியோடு கிளம்புவார்கள். சீர் செய்வது என்றால், பக்கத்து நிலத்துக்காரன் பார்க்காத நேரமாகப் பார்த்து, வரப்பில் ஒரு விரற்கடை செதுக்கித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்வது. அவன் மட்டும் இளைத்தவனா? மறுநாள் அவன் பக்கத்திலிருந்து அவனும் செதுக்குவான்.

கிணறுகள் ததும்பி, வெங்காயம் கொழித்த காலத்தில் லாரி வயலுக்கே வந்து மூட்டை ஏற்றியது. ஒருவர் மாடி கட்டினால், எதிர்வீட்டுக்காரர் மாடிமேல் மாடி கட்டினார், ஏறிப் பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும். நிலத்துக்கு அவ்வளவு மவுசு. வரப்புகள் இளைத்து இளைத்து, கையை விரித்துக்கொண்டு நடந்தால்தான் விழாமல் போகலாம் என்றாகிவிட்டது.

பெரியப்பாவும் ரேடியோ சித்தப்பாவும் பங்காளிகள், அடுத்தடுத்த நிலம். சித்தப்பா வாயைத் திறந்தால் மூன்று வயல் தாண்டிக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். ஒரு சாண் வரப்புக்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திட்டிக்கொள்வது பேச்சில் சேராது, அது தினமும் நடந்தது.

பிறகு யாரோ ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினார். எங்கள் ஊரில் ஒருவர் செய்தால் போதாதா? எல்லோரும் போட்டி போட்டுத் தோண்டினார்கள். தண்ணீர் கீழே கீழே போய்க் கடைசியில் காணாமல் போனது. லாரி வரவில்லை. நகரத்துக்குப் போன பிள்ளைகள் பெற்றவர்களையும் அழைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் ஈ ஓட்டினார், ஈயும் வராமல் போனதும் கடையைப் பூட்டினார். மிஞ்சியது இந்த இரண்டு பேர்தான். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பெரியப்பா வாயைத் திறப்பதே சித்தப்பாவைத் திட்டுவதற்காகத்தான்.

அந்தச் சித்தப்பாவையும் மகன் கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று தெரிந்ததும் பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கௌரவம் என்னாவது? தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். பழைய வரப்பை அடியோடு வெட்டித் தள்ளிவிட்டு, சித்தப்பா நிலத்துக்குள் நாலு முழம் தள்ளிப் புதிதாக ஒன்று போட்டார். சண்டை மூண்டால் மனுஷன் ஊரை விட்டு நகரமாட்டான் என்று அவருக்கு நம்பிக்கை. லீவுக்கு வந்திருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில், ஊரறிய அவர் வரப்பு வெட்டியது அதுதான் முதல் தடவை, பார்க்கத்தான் ஊர் இல்லை.

கிளம்பும் அன்று சித்தப்பா சலவைச் சட்டையோடு வயலுக்கு வந்தார். மகனின் கார் ரோட்டில் நின்றது. புது வரப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னடா பாத்துட்டு நிக்கற? நாலு முழம் உள்ள வந்திருக்கேன். கேக்க மாட்டியா?”

பக்கத்தில் நின்ற எனக்கே சித்தப்பாவின் குரல் சரியாகக் கேட்கவில்லை.

“இனிமே கேக்க என்னண்ணே இருக்கு. முழுசையும் நீயே உழுதுக்க.”

கார் போய்ப் புழுதி அடங்கும்வரை பெரியப்பா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். அவரைக் கிண்டல் செய்தே வளர்ந்தவள் நான். அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

மழைக்குப் பிறகு மறுபடி போனேன். பெரியப்பா தன் நிலத்தை மட்டும் உழுதிருந்தார். வரப்பு பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது, அதற்கு அப்பால் சித்தப்பா நிலம் புல் மண்டிக் கிடந்தது. அவர்தான் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாரே, உழுதால் என்ன என்று கேட்டேன்.

“அவன் இல்லாதப்ப கை வைக்கலாமா?” என்றார். “நாளைக்கே வந்து சத்தம் போட்டான்னா, நான் என்ன பதில் சொல்றது?”