கடல் பக்கத்துக் கரி

மாலத்தீவின் வடக்குத் தீவு ஒன்றில் காற்றிலுள்ள மாசை அளக்கும் கோபுரம் இருக்கிறது. அதன் குழாயில் தினமும் காலையில் வடிதாள் மாற்றுவது நாஷிதாவின் வேலை. மழைக்காலத்தில் வெள்ளையாகவே திரும்பி வரும் தாள், ஜனவரியில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கரி பூசியதுபோல் வரும்.

அந்த வருஷம் தலைநகர் மாலேயிலுள்ள அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: அளவு மிக அதிகம், தீவுக்குள்ளேயே யாரோ புகை போடுகிறார்கள், இந்த வாரத் தாள்களை ஒதுக்கிவிடலாம்.

புகை போடுகிறவர் யாரென்று தீவுக்கே தெரியும். நாஷிதாவின் அண்ணன் மனைவி வஹீதாதான். சூரை மீனைத் தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி மாசிக் கருவாடு போடுகிறவள். ஆனால் அவளுடைய கொட்டகை கோபுரத்துக்குத் தெற்கே, கடைசிக் கரையில் இருந்தது. காற்றோ வடகிழக்கிலிருந்து வந்தது. நாஷிதா அதை எழுதியும் அவர்கள் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"மதினி, மூணு நாளைக்கு மட்டைய மூட்டாம இருக்கீங்களா?"

"ஏன்டி, உலகத்துப் புகையெல்லாம் என் கொட்டகையிலேர்ந்தா போகுது?"

"இல்லன்னு காட்டத்தான் கேக்குறேன்."

"மீன் கெட்டுப்போனா உங்க ஆபீஸ் வந்து திங்குமா?" என்று முனகினாலும், அன்று வந்த சூரையை ஐஸ் பெட்டியில் அடுக்கி மூடினாள் வஹீதா.

மூன்று நாள் முடிந்த காலையில் அவளே கோபுரத்துக்கு வந்துவிட்டாள். நாஷிதா தாளை இடுக்கியால் எடுத்து நீட்டினாள். கறுப்பு ஒரு இம்மியும் குறையவில்லை.

"பாத்தியா!" என்று சிரித்த வஹீதா, காற்று வரும் திசையில் கடலைப் பார்த்தாள். அங்கே ஒரு படகுகூட இல்லை. "அப்ப யாரு வீட்டுக் கரிடி இது?"

"இந்தியாக் கரையிலேர்ந்து வருது. பஸ்ஸு, லாரி, செங்கல் சூளை, வயல்ல வைக்கிற தீ. நடுவுல கப்பலும் சேந்துக்கும்."

வயிற்றில் கட்டி என்று திருவனந்தபுரத்தில் இருபது நாள் தங்கியவள் வஹீதா. "ஆஸ்பத்திரிக்கு தினம் ஆட்டோலதான் போனேன்," என்றாள் மெதுவாக. "அந்தப் புகையும் இங்க வந்திருக்குமோ?"

"வந்திருக்கும் மதினி."

மாலேக்காரர்கள் அந்த வாரக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஜெயித்த சந்தோஷம் நாஷிதாவுக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. மதினியின் புகையாக இருந்திருந்தால் போய்க் கேட்டு அணைக்க வைத்திருக்கலாம். இது யார் யாருடையதோ. எத்தனை பேர் வாசலில் போய் நிற்பது?

வஹீதா மறுபடி மட்டையை மூட்டினாள். காற்று தெற்கிலிருந்து கோபுரப் பக்கம் திரும்பும் நாட்களில் மட்டும், மூட்டுவதற்கு முன் நாஷிதாவுக்குப் போன் செய்வாள்.

"இன்னிக்கு வர்றது என் புகைதான். எழுதிக்க."