லாரியின் வயிற்றுக்கு ஒரு விளக்கு

ரம்பத்தின் பற்களில் காலை வெயில். ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் கத்தல்.

"இதை அறுத்துத்தான் எறிவேன்!"

"அறுங்க பாக்கலாம். மொதல்ல என் கையை அறுக்கோணும்."

நான் துணி காயப்போடத்தான் மாடிக்குப் போனேன். மூன்றாவது முறையாக. அதே துணி.

கீழே, யுத்தகாலத்து ராணுவ லாரி. அதன் பின்பக்கத்து அடியில் இருவர். சொந்தக்காரர் வரதப்பன், நாற்பது வயது, கல்யாணம் என்றாலே காத தூரம் ஓடுவார். தெருமுனை டைனமோ கடை ரூபவதி, முப்பத்தெட்டு. அவளும் அதே ஓட்டம்.

சண்டை ஒரு விளக்குக்காக. லாரியின் அடியில் பொருத்திய, எலுமிச்சை அளவு விளக்கு. சாலையைப் பார்க்காமல் லாரியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் கண்காட்சி. ஒரிஜினல் இல்லாத பாகம் ஒன்று இருந்தாலும் வண்டி வெளியே. வண்டியைப் புதுப்பிக்க வரதப்பன் செலவழித்த மூன்று வருடமும் வெளியே.

"எந்தக் கிறுக்கன் வண்டி வயித்துக்கு வெளக்கு வெப்பான்? எவனோ பின்னால சேத்துனதுங்க" என்றார் வரதப்பன்.

ரூபவதி சுரண்டினாள். பச்சைப் பெயிண்ட் உதிர்ந்தது. விளக்கின் தகட்டில் ஓர் அம்புக்குறி. ராணுவம் தன் சாமான்களில் குத்திய அதே முத்திரை.

எதிரே, பின் அச்சின் நடுவிலிருந்த உருண்டையையும் சுரண்டினாள். பச்சைக்கு அடியில் வெள்ளை.

"இது வெள்ளையாவா இருந்துச்சு?"

"சுண்ணாம்புன்னு நெனச்சேனுங்க. எவனோ ஆயுதபூசைக்கு அடிச்சதுன்னு..."

போன ஆயுதபூசைக்கு அதன்மேல் இரண்டு கை பச்சை அடித்து, பொட்டும் வைத்தவர் இவரேதான். நான் பார்த்தேன். நான் பார்க்காதது இந்தத் தெருவில் என்ன?

அப்போது மழை.

தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். அதில் ஒரு கிழிசல், என் மாடிக்கு நேராக. என் துணி நனைந்தது. நனையட்டும்.

ரூபவதி கம்பியை பேட்டரியில் தொட்டாள். சின்ன வெளிச்சம். அச்சின் உருண்டையில் வெள்ளை வட்டம்.

"சண்டைக் காலத்துல முன்வெளக்கு போட்டா மேல இருந்து குண்டு விழும். பின்னால வர்ற வண்டிக்காரன் இந்த வட்டத்தைப் பாத்துட்டே வருவான். தெரியுதுங்களா?"

வரதப்பன் ரம்பத்தைக் கீழே வைத்தார். வட்டத்தைப் பார்க்க வேண்டிய மனிதர் அவள் முகத்தைப் பார்த்தார். குறித்துக்கொண்டேன்.

வண்டிக்கு முதல் பரிசு. ஐப்பசியில் கல்யாணம். எனக்கு முதல் பந்தி.

கார்த்திகையில் குன்னூருக்குக் குடிபோனார்கள். அன்றும் மழை. லாரியை ஓட்டியது ரூபவதி. பட்டப்பகலில் அந்த வயிற்று விளக்கை எரியவிட்டிருந்தாள்.

மழைக்குள் ஒரு வெள்ளை வட்டம் போனது. அதன் பின்னால், ஸ்கூட்டரில், கண்ணை எடுக்காமல், வரதப்பன்.