மார்லெனியின் இடது கை

சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று பண்தெபோனோ ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மார்லெனி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். அவள் வீட்டு ஜன்னல் வழியாக என் பேஸ் கேட்டது.

என் பேஸ் என்றால் சாட்சாத் என்னுடையதேதான். நான் இழுக்கிற இழுப்பு, நான் விடுகிற மூச்சு. ஆனால் நானோ தெருவில் நிற்கிறேன். என் ஆளுயரத் தந்தி வாத்தியம் என் வீட்டு மூலையில் உறையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே போய்க் காதைக் கொடுத்தேன். பியானோ. இடது கை மட்டும், அடிக்கட்டைகளில், திரும்பத் திரும்ப என் தும்பாவை, பேஸ் மட்டுமே நடக்கிற அந்த நடையை, வாசித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டினேன். வாசிப்பு பட்டென்று நின்றது.

"யாரு?"

"நான்தான்டி, ரூபியேலா."

கதவு திறக்க இன்னொரு தட்டு ரொட்டி சுடுகிற நேரம் ஆயிற்று.

"என்ன வாசிச்சிட்டிருந்த?"

"எங்க வாசிச்சேன்? கட்டையெல்லாம் ஒரே தூசி. துடைச்சிட்டிருந்தேன், கொமாத்ரே."

துடைத்தாளாம். துணி எங்கே என்று தேடினேன், காணோம். பியானோ மேல் ஒரு கேசட் கிடந்தது. அதில் அவள் கையெழுத்தில் 'ரூபி, பேஸ்' என்று எழுதியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். என் கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை வாங்கி நேராக அதன் மேல் வைத்தாள். நாங்கள் இருவரும் சோளமாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட அந்த ரொட்டியைத் தின்றுகொண்டு வெயிலைப் பற்றிப் பேசினோம். என் கண் பொட்டலத்துக்கு அடியிலேயே இருந்தது.

நான் சந்தேகப் பிராணிதான், மறுக்கவில்லை. ஆனால் காரணம் இருந்தது. என் மகன் பிறந்த மாதத்தில் முந்தைய குழு என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டது. நாற்பதாம் நாள் எழுந்து போய்ப் பார்த்தால், என் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோன்யா ஓஃபிர் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளும் வரை மூன்று வருஷம் நான் எந்த மேடையும் ஏறவில்லை.

தோன்யா ஓஃபிரின் குழுவில் நாங்கள் பதினொரு பேர், பதினொருவரும் பெண்கள். பனாமாவிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் மூன்று மாதம் வாசிக்க அழைப்பு வந்திருந்தது. கப்பல் மேடையில் எட்டுப் பேருக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குப் பிறகு பெயர்களைச் சொல்வதாக தோன்யா ஓஃபிர் அறிவித்திருந்தாள். அன்றிலிருந்து பாட்டுக்காரிகள் ஒருத்திக்கொருத்தி தேன் போட்ட சொந்தாதூரோ பழம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் அவ்வளவு பாசம்.

எங்கள் ஆட்ட இசையில் பியானோக்காரிக்கு இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்யும். மேலே வலது கை போகிற பாதையில் கீழே இடது கையும் ஓடும். அதற்கு மொந்துனோ என்று பெயர். அடியில் நடக்கும் தும்பாவ் பேஸ்காரியின் சொத்து. அதன் ரகசியம் ஒன்றுதான்: ஒன்று என்று எல்லோரும் எண்ணுகிற இடத்தில் பேஸ் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னாலேயே, நாலாவது அடியில், அடுத்த வட்டத்தின் ஸ்வரத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஆடுகிறவனின் கால் அந்த நாலாவது அடியை நம்பித்தான் எழும்புகிறது.

பியானோக்காரி தன் இடது கையால் அதையும் வாசித்துவிட்டால்? எட்டுப் பேர் கப்பலில் பேஸ்காரி எதற்கு? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு ஒன்றும் தேவையில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஈஸ்டர் வாரத்திலிருந்து என் இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும், வரும், மறுபடி மரத்துப்போகும். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். விரல் சரியாக அழுத்தாத இடங்களில் வேறு தந்திக்குத் தாவி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனபோது மார்லெனியின் ஒலிபெருக்கி இடம் மாறியிருந்தது. பத்து வருஷமாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பெட்டி அது. இப்போது முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு அவள் பக்கம் பார்த்து நின்றது.

"இது எதுக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

"எனக்குக் காது மந்தமாயிடுச்சுடி. வயசாகலையா?"

"நேத்து மூணு வீடு தள்ளிப் பேசின ஊர்வம்பு மட்டும் எப்படிடி கேட்டுச்சு?"

காங்கா மேளம் அடிக்கிற நெல்ஸி சிரித்தாள். மார்லெனி சிரிக்கவில்லை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனேன். உள்ளே தோன்யா ஓஃபிர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். "உன் இடது கை எப்படி? அத நம்பி நான் கணக்குப் போடலாமா?" என் செருப்புச் சத்தம் கேட்டதும் மார்லெனி சட்டென்று, "லூலோ பழம் இந்த வருஷம் புளிப்பே இல்ல, தோன்யா ஓஃபிர்," என்றாள். இருவரும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

அவள் மகளுக்கு நான் ஞானத்தாய்; அந்த உறவில்தான் அவள் என்னைக் கொமாத்ரே என்று கூப்பிடுவது. கோவிலில் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவள் நான். இப்படிச் செய்ய இவளுக்கு எப்படி மனசு வந்தது? மறுநாள் விடிந்தபோது ஒரு முடிவு எடுத்திருந்தேன். கையும் களவுமாகப் பிடிப்பது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி கிழவர் கிழவிகளுக்கானது. மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வெள்ளை ஷூவும் விசிறியுமாகக் கூடம் நிறைந்துவிடும். இவர்களை ஏமாற்ற முடியாது. ஐம்பது வருஷமாக ஆடிய கால்கள். தோன் அர்ஸேஸியோ என்ற கிழவர் எப்போதும் என் பேஸுக்கு நேர் எதிரில்தான் ஆடுவார். தாளம் இம்மி பிசகினாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை முறைப்பார்.

நாலாவது பாட்டில், பாடகிகள் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடும் இடம் வந்தது. இரண்டு கையும் ஓட வேண்டிய மொந்துனோ மெலிந்து கேட்டது. ஒற்றைக் கை! பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். உடனே வலது கையைத் தந்தியிலிருந்து எடுத்தேன். விரல்களைத் தந்திக்கு ஓர் அங்குலம் மேலே சும்மா ஆட்டினேன். இடது கையையும் கழுத்துப் பலகையிலிருந்து விட்டேன்.

பேஸ் நிற்கவில்லை.

என் காதருகே இருந்த என் பெட்டி ஊமையாகிவிட்டது. ஆனால் கூடத்தின் மறுகோடியில் மோதித் திரும்பி வந்தது தும்பாவ். முழுசாக, கனமாக, என் இழுப்போடு. தோன் அர்ஸேஸியோ கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். எட்டுச் சுற்று. ஒருவருக்கும் தெரியவில்லை. நான் இல்லாமலே நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கொன்றுவிடுகிற மாதிரி மார்லெனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பியானோவைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. நான் மறுபடி தந்தியைத் தொட்டதும் அவள் தோள் தளர்ந்தது, இரண்டாவது கை மேலே ஏறியது, மொந்துனோ பழையபடி நிறைந்தது.

கச்சேரி முடிந்ததும் தோன் அர்ஸேஸியோ மேடையோரம் வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மகளே, அந்த நாலாவது பாட்டு! ரெண்டு மாசமா உன் பேஸ் நொண்டிக்கிட்டிருந்துச்சு. இந்தக் கிழவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இன்னிக்குத்தான் நிமிர்ந்து நடந்துச்சு."

பின்னாலேயே தோன்யா ஓஃபிர் கப்பலுக்கான பெயர்கள் எழுதிய காகிதத்தோடு வந்தாள். "எனக்கும் மனசுல உறுத்தல் இருந்துச்சு ரூபியேலா. ஆனா அந்த எட்டுச் சுத்தோட எல்லாம் போச்சு. உன் பேரு இருக்கு. பெட்டியக் கட்டு."

வாழ்க்கையில் அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உடை மாற்றும் அறையில் மார்லெனி காத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் இடது கையைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு விரலாக அழுத்தினாள்.

"எந்த விரல்? ரெண்டுமே போச்சா? மொத்தக் கையுமா? ஐயோ, எட்டுச் சுத்துடி! எனக்கு உசுரே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஈஸ்டர் அன்னிக்கு எங்க வீட்ல காப்பிக் கோப்பைய ரெண்டு தரம் போட்டியே. 'கோப்பை வழுக்குது'ன்ன. நானும் சரின்னேன். அப்புறம் ஒத்திகைய கேசட்ல பிடிச்சுக் கேட்டேன். எல்லாம் சரியா இருக்கு, நாலாவது அடி மட்டும் பாதி வட்டத்துல காணோம். அத மட்டும் நான் கீழ வெச்சுட்டா ஆடறவங்களுக்குத் தெரியாதுல்ல? அதுக்குத்தான் கத்துக்கிட்டேன். உன் இழுப்பு வரவே மாட்டேன்னுச்சு. ரெண்டு மாசமாச்சு."

"பெட்டிய ஏன் திருப்பின?"

"உனக்குக் கேட்டா உன் ரோஷத்துக்கு நீ பேஸையே உடைச்சிருப்ப."

"தோன்யா ஓஃபிர் உன் இடது கையக் கேட்டாங்களே?"

"கேட்டாங்க. பேஸையும் நீயே பாத்துக்கிறியான்னு. என் இடது கை மரக்கட்டை, ஜென்மத்துக்கும் வராதுன்னு சொல்லிட்டேன்."

அவள் இன்னமும் என் சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். பாவி வாய், இருக்கவில்லை.

"கை போகல, மார்லெனி. நான்தான் எடுத்தேன். உன்னப் பிடிக்கறதுக்காக."

புரிந்ததும் என் கையை விட்டுவிட்டாள். நோட்டுப் புத்தகங்களைப் பைக்குள் போட்டாள், பையை மூடினாள், கதவு வரைக்கும் போனாள்.

"என்னக் கேட்டிருக்கலாமேடி," என்றாள். கொமாத்ரே என்று சொல்லவில்லை.

அவமானம் பிடுங்கித் தின்றது. எழுந்து நேரே தோன்யா ஓஃபிரிடம் போனேன்.

"என் பேர அடிச்சிடுங்க. ரெண்டு விரல் மரத்துப்போச்சு, வைத்தியம் பாக்கணும். கப்பலுக்கு வேற பேஸ்காரியக் கூட்டிட்டுப் போங்க."

"என்ன உளர்ற? இப்பத்தானே அப்படி வாசிச்ச?"

உண்மையைச் சொன்னால் மார்லெனியின் இடது கை ரகசியம் வெளியே வந்துவிடும். அது வந்துவிட்டால் இந்தக் குழுவில் எந்த பேஸ்காரிக்கும் இனி இடம் இருக்காது. அவள் சொன்ன பொய்யும் வீணாகிவிடும்.

"ஆமா, நான்தான் வாசிச்சேன்," என்றேன். "அதோட போச்சு."

தோன்யா ஓஃபிர் என் கண்ணையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். "கைய சரி பண்ணிட்டு வா. இடத்த வெச்சிருக்கேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

வியாழக்கிழமை வைத்தியர் முழங்கையில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு அழுந்தியிருக்கிறது, ஆறு வாரம் கட்டுப் போடணும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வெள்ளிக்கிழமை ஒற்றைக் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு மார்லெனி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். மூன்று தரம் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியாக என் பேஸ் கேட்டது. நாலாவது அடி கொஞ்சம் முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது, அவசரக்காரி.

கதவைத் தட்டினேன். வாசிப்பு நிற்கவில்லை.

"திறந்துதான்டி கிடக்கு," என்றாள் உள்ளேயிருந்து.