சூடாகப் பரப்பிய வில்லைகள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1938இல் குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி: ‘கூலி ஒருவனின் கவனக்குறைவால் வில்லைகள் வெளிக்காற்றில் ஆறின.’ கவனக்குறைவாம். அந்த ஆளுக்கு அதில் பெயர்கூட இல்லை. வேலுமணி என்று நான்தான் வைத்தேன். துரைக்கு ஹெர்பர்ட்.

2

‘பனி மூடிய மலைச்சரிவில் ஒரு...’

(வேண்டாம். பனியைக் காட்டியே எத்தனை பேரை மறைத்தாயிற்று.)

மறுபடியும். ஹெர்பர்ட் துரைக்குக் காந்தப் பைத்தியம். காந்தம் இறுகப் பிடிக்கும் வில்லை செய்யவேண்டும் அவருக்கு. இரும்புத் துருவையும் செம்பைச் சுட்டெடுத்த கரும்பொடியையும் கலந்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடுவார். மூடிய உலைக்குள்ளேயே மறுநாள்வரை ஆறவேண்டும் என்பது கட்டளை. ஒவ்வொரு முறையும் வில்லை சோப்ளாங்கியாகத்தான் வந்தது. காந்தத்தில் ஒட்டும், தட்டினால் விழும்.

வேலுமணிக்கு அந்த உலை புதிது. பத்து வருஷம் தேயிலை உலர்த்தும் அடுப்பில் நின்றவன். சூட்டோடு விட்டால் தூள் கருகும், எடுத்ததும் பரப்பவேண்டும் என்பது அங்கே பாடம். அன்றும் கை அதையே செய்தது. செக்கச்சிவந்த வில்லைகளை இடுக்கியால் எடுத்துத் தகரத்தில் பரப்பினான்.

3

“உன்னை எவன் தொறக்கச் சொன்னான்?” என்றார் துரை.

“உள்ளயே உட்டா கருகிப்போயிருமுங்க தொரை. அதான் பரப்பிப் போட்டனுங்க.”

அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்யவேண்டும். அவன் மனைவி காளியம்மாளுக்கு எட்டாம் மாதம்.

“ஏனுங்க, இந்த வவுத்தோட எங்கீங்க போறது?”

[இங்கே அவன் பதில் சொல்லவேண்டும். நான்கு பதில் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். அவனுக்கே தெரியாததை நான் எப்படி...]

4

சனிக்கிழமை துரை அந்த வில்லைகளைச் சோதித்தார். காந்தத்திலிருந்து பிய்க்க நகம் வலித்தது. அதே பொடி, அதே சூடு. ஆறவிட்ட விதம்தான் வேறு. அது அவருக்குப் புரிந்தது, படித்தவர். அறிக்கையின் அடுத்த வரி: ‘ஆகவே, சட்டென்று குளிரவைக்கும் முறையை நான் கண்டறிந்தேன்.’*

* துரை பங்களாவிலிருந்து லயம் கூப்பிடு தூரம். வேலுமணி அன்றும் அங்கேதான் இருந்தான்.

5

முடிவு அ: துரை ஆள் அனுப்பி அவனைக் கூப்பிடுகிறார். (எழுதிப் பார்த்தேன். பச்சைப் பொய்.)

முடிவு ஆ: இறக்கத்தில் நடக்கும்போது காளியம்மாளுக்கு...

மாட்டேன். அந்தத் துரை செய்ததே போதும், மிச்சத்தை நான் செய்யப்போவதில்லை.

பேனாவை நீங்கள் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. சட்டிபானையெல்லாம் வாசலில் கிடக்கின்றன. மன்னிப்பு, பாராட்டு, அறிக்கையில் பெயர் எல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் அந்தச் சட்டிபானையை உள்ளே தூக்கி வையுங்கள். காளியம்மாளைத் தூக்கவிடாதீர்கள்.