இசக்கியம்மாள் அவர்களே

நல்லமங்கலம் நகர மண்டபத்து வாசலில் நிற்கிற பன்னீர்ச் செம்பின் பெயர் இசக்கியம்மாள். போன வருஷம் வரை அவள் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பள்ளிச் சாரணியர் படைக்குத் தலைவியும் அவள்தான். போன வருஷம் சாரணியருக்குப் பாராட்டு விழா நடந்தபோது வாசலில் நின்று பன்னீர் தெளிக்கச் சொன்னார்கள். தெளித்தாள். விழா நீண்டுகொண்டே போனது. நாட்டுப்பண் பாடி முடித்துப் பார்த்தால் செம்பாக நின்றாள்.

யாரும் பதறவில்லை. விழா என்று எடுத்தால் இப்படி ஒன்றிரண்டு நடக்கத்தான் செய்யும். அவள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் புளியோடு வந்து பளபளவென்று தேய்த்துவிட்டு, வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். இடக்கை மட்டும் பித்தளை ஆகவில்லை. மங்கல காரியத்தில் இடக்கை வெளியே தெரியக் கூடாது என்று விழாச் செயலாளர் சொன்னதால் இசக்கி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். அதனால் அது தப்பித்தது. அம்மா அந்தக் கைக்கு நகம் வெட்டிவிடுவாள்.

இந்த வருஷமும் சாரணியருக்குப் பாராட்டு விழா. பாராட்டாமல் என்ன செய்வது? ஐப்பசி மழையில் ஆறு வழிதவறி மேலத்தெருவுக்குள் வந்துவிட்டது. ஊர்ப் பெரிய மனிதர்கள் மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டு, யாரையாவது கூப்பிடுங்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சாரணியர் வந்தார்கள். ஒருத்தி கொடி காட்டினாள், ஒருத்தி சந்துமுனையை மறித்தாள், இரண்டு பேர் கயிறு கட்டினார்கள். ஆற்றை மெதுவாகத் திருப்பி அழைத்துப்போய் அதன் படுகையில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு ரொம்பவும் வெட்கப்பட்டுப் போயிற்று. விழாவில் நன்றியுரை நானே சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தது.

படைக்கு இப்போது தலைவி செண்பகவடிவு. ஒன்பதாம் வகுப்பு. தலைவி என்று அவள் தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. இசக்கியக்கா வருகிறவரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். தலைவியின் விசில் அவள் கழுத்தில்தான் தொங்கியது. ஒருநாளும் ஊதியதில்லை. ஆற்றையே அவள் கைதட்டித்தான் திருப்பினாள்.

பாராட்டப்படுகிறவர்கள் என்பதால் சாரணியர் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட வேண்டும். கோலம் போட வேண்டும், நாற்காலி துடைக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கல்கண்டு நீட்ட வேண்டும். செயலாளர் சங்கரபாண்டியன் வெள்ளை வேட்டியும் வலக்கையுமாக எங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய இடக்கையை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அது ஜிப்பாப் பைக்குள்ளேயே இருக்கும். பொன்னாடைத் தட்டை வடிவு கையில் கொடுத்து, சிரித்த முகமாக அசையாமல் நிற்கச் சொன்னார்.

எங்களை எப்போது சார் மேடைக்குக் கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

"உங்க சார்பா சிறப்பு விருந்தினர் வாங்கிக்கிடுவாரும்மா," என்றார்.

அந்த நேரத்தில் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர் வந்து வாசலில் உட்கார்ந்து இயந்திரத்தின் பிளக்கைச் சொருகினார். வடிவு தட்டோடு அவர் பக்கம் நகர்ந்தாள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாள். ஒரு செம்பு இரண்டாவது விழாவையும் பார்த்துவிட்டால் அது மண்டபத்துச் சொத்தாம். நாட்டுப்பண் தொடங்கியதும் ‘உபயம்: சங்கரபாண்டியன்’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறார்களாம். வெட்டிவிட்டால் பழைய பெயர் போய்விடும், அப்புறம் என்ன கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. மனிதர் ஒன்றும் கெட்டவர் இல்லை. வலிக்காமல்தான் வெட்டுவேன் என்றும் சொன்னார்.

வரவேற்புரை தொடங்கியது. அங்கே மைக்கில் யாரை ‘அவர்களே’ என்று சொன்னாலும் அவர் மேடைக்கு வந்தாக வேண்டும். அது அந்த மண்டபத்துச் சட்டம். வரவேற்கிறவர், தலைவர் அவர்களே என்றார், தலைவர் போனார். சிறப்பு விருந்தினர், பொருளாளர், முன்னாள் பொருளாளர், பொருளாளர் ஆகலாம் என்று இருந்தவர் எல்லாரும் போனார்கள். ஆட்கள் தீர்ந்த பிறகு மின்விசிறி அவர்களே என்றார். மின்விசிறி கழன்று வந்து, இறக்கைகளை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தது. அடுத்து ஜெனரேட்டர் அவர்களே என்றார். அது புகை விட்டுக்கொண்டே வந்தது, முன்வரிசைதான் வேண்டும் என்றது.

எல்லாருக்கும் பொன்னாடை. பொன்னாடை என்னவோ ஒன்றுதான். போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், உருவி மடித்து அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். நம் பக்கத்தில் நடக்கிறதுதானே. ஆனால் ஒவ்வொரு தடவை போர்த்தும்போதும் மேடை ஒரு முழம் உயர்ந்தது. ஜெனரேட்டர் முறை வந்தபோது தண்ணீர்த் தொட்டி உயரத்துக்குப் போய்விட்டது. கூரை மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. பிறகு பொன்னாடையை ஒரு வாளியில் வைத்துக் கப்பி போட்டு ஏற்றி இறக்கினார்கள். வடிவு வெறும் தட்டோடு கீழேயே நின்றாள்.

வலது சுண்டுவிரல் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். பித்தளை. தட்டோடு சேர்த்துப் பார்க்க நல்ல வேலைப்பாடாகவே இருந்தது.

"ஏட்டி, எனக்கு ஆரம்பிச்சிருச்சு," என்றாள் பக்கத்தில் கல்கண்டோடு நின்ற ரஹமத் நிஷாவிடம்.

நிஷா தன் முழங்கையைச் சுவரில் தட்டிக் காட்டினாள். டங் என்றது.

வடிவு வாசல் பக்கம் பார்த்தாள். செம்பின் முதுகுக்குப் பின்னால் இருந்த இடக்கை விரல்களை விரித்து நீட்டிக்கொண்டிருந்தது. சாரணியர் கைகுலுக்குவது இடக்கையால்தான். எந்த ஊர்ச் சாரணியரும் அப்படித்தான். அந்தக் கை கைகுலுக்கக் கேட்கிறது என்று வடிவுக்குப் புரிந்தது. ஓடிப்போய்ப் பிடித்தாள். கை சூடாக இருந்தது, அவள் கையை இறுக்கிக்கொண்டது. வடிவுக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே அக்கா இருக்கிறாள், பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிடுவதென்றால் மைக்கில் கூப்பிட வேண்டும். மைக்கோ மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதோடு வடிவு மைக்கில் பேசியதே இல்லை. ஒத்திகையில் ஒரு தடவை அதன் முன்னால் நின்றாள். குரல் வயிற்றுக்குள் ஓடி ஒளிந்துகொண்டு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் வெளியே வந்தது.

இருந்தாலும் போனாள். தட்டைச் செயலாளரிடம் நீட்டி, கொஞ்சம் பிடிங்க சார் என்றாள். யார் எதை நீட்டினாலும் வலக்கையால் வாங்கிக்கொள்வது அவர் பழக்கம், வாங்கிக்கொண்டார். சுண்டுவிரல் டொக்கென்று தட்டை விட்டது. அவள் வாளிக்குள் ஏறிக் குந்தினாள். சாரணியர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பாதியில் கயிறு போதவில்லை. மேலே அதற்குள் மேகத்துக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். நிஷா கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்து, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சைப் போட்டுக் கயிற்றோடு சேர்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கப்பியில் குதித்து ஏற, வாளி ஆடிக்கொண்டே மேலே போனது. பயமாகத்தான் இருந்தது. அதைவிடச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

மேடையில் குளிர் பிடுங்கியது. சிறப்பு விருந்தினர் கால்களை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்.

"கீழ மழையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். பிள்ளைக நிக்காவ."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அடடா என்றார்.

வரவேற்கிறவர் அப்போது நிலா அவர்களே என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டிருந்தார். வடிவு மைக்கின் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். குரல் இல்லை. வயிற்றுக்குள் போய்விட்டது. கீழே செயலாளர், இவள் இறங்குவதற்குள் விழாவை முடித்துவிட வேண்டும் என்று, நாட்டுப்பண் பாடுகிறவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். அவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். அந்தக் கனைப்பே போதும் என்று பெயர் வெட்டுகிறவர் இயந்திரத்தை ஓட்டி, செம்பின் தோளில் ‘உ’ என்று முதல் எழுத்தை வெட்டினார்.

வடிவு விசிலை எடுத்து ஊதினாள்.

மண்டபம் கப்சிப் என்றானது. இயந்திரம் நின்றது. கனைத்தவர்கள் கனைத்தபடியே நின்றார்கள். விசில் கேட்டால் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று சாரணியருக்குப் பழக்கம். குரலும் அவளோடு சேர்ந்து பயிற்சிக்குப் போன குரல்தானே, வயிற்றிலிருந்து ஓடிவந்து தொண்டையில் விறைப்பாக நின்றது.

"இசக்கியம்மாள் அவர்களே," என்றாள் வடிவு.

சட்டம் சட்டம்தான். சொல்லப்பட்டவர் மேடைக்கு வந்தாக வேண்டும். செம்பால் அத்தனை உயரம் ஏற முடியாது. ஆகவே மேடைதான் இறங்கியாக வேண்டும். இதுவரை அப்படி நேர்ந்ததில்லை என்பதால் மேடை கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு ஒரு முழம் இறங்கியது.

வடிவுக்குப் பிடிபட்டுவிட்டது. "ரஹமத் நிஷா அவர்களே," என்றாள். இன்னும் ஒரு முழம். அந்தோணியம்மாள் அவர்களே, வேலம்மாள் அவர்களே, கோலம் போட்ட தெரசா அவர்களே, நாற்காலி துடைத்த முப்பிடாதி அவர்களே. ஒருத்தி பெயரையும் விடவில்லை. மேடை லிப்ட் மாதிரி இறங்கியது. பொருளாளர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். மின்விசிறி சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. தரை தட்டியபோது சாரணியர் எல்லாரும் கைதட்டிக்கொண்டே ஏறினார்கள். கடைசியாக இசக்கி, பித்தளையைச் செதில் செதிலாக உதிர்த்துக்கொண்டு, இடக்கையை முன்னால் நீட்டியபடி நடந்து வந்தாள். அவள் அம்மா கையில் புளியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

இசக்கிக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது. வேறு குறை இல்லை. தோளில் அந்த ‘உ’ மட்டும் தங்கிவிட்டது.

அப்போதுதான் எல்லாரும் செயலாளரைக் கவனித்தார்கள். மேடைக்குக் கீழே அவர் தட்டோடு நின்றார், சிரித்த முகமாக, அசையாமல். வலக்கை தோள்வரைக்கும் மஞ்சளாகியிருந்தது.

"விடுட்டி," என்றாள் இசக்கி. "ஒரு வருஷம் நிக்கட்டும். அப்பத் தெரியும்."

வடிவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கும், வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டு. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கு யார் புளி தேய்ப்பார்கள்? அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சங்கரபாண்டியன் அவர்களே," என்று மைக்கில் சொல்லிவிட்டு வடிவு கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"இடக்கையாம்மா?"

"இடக்கைதான் சார்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பித்தளை கழுத்துக்கு ஏறியது. பிறகு ஜிப்பாப் பைக்குள்ளிருந்து இடக்கையை வெளியே எடுத்தார். ஒருநாளும் வெயில் பார்க்காத கை. குழந்தைக் கை மாதிரி சிறிதாக, மெத்தென்று இருந்தது. வடிவு அதைப் பிடித்துக் குலுக்கினாள். தட்டு கீழே விழுந்து உருண்டு போய்ப் பெயர் வெட்டுகிறவரின் காலடியில் நின்றது. யாருடைய பெயரை வெட்டுவது என்று அவர் கேட்டார்.

கடைசி வரிசையில் தரையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு நன்றியுரைக்கு எழுந்தது. அந்தப் பிள்ளைகள் இல்லை என்றால் நான் இன்னும் மேலத்தெருவில்தான் நின்றிருப்பேன் என்றது. சொல்லிக்கொண்டே அழுதுவிட்டது. மண்டபத்தில் எல்லாருக்கும் முழங்கால்வரை தண்ணீர் நின்றது.

வடிவு விசிலைக் கழற்றி இசக்கியிடம் நீட்டினாள்.

"இத்தன நாள் பத்திரமா வச்சிருந்தேங்க்கா."

"நான் நின்ன எடத்துல ஒருநாளும் இந்தச் சத்தம் கேக்கல," என்றாள் இசக்கி. "இன்னைக்குத்தான் கேட்டேன். ஒன் கழுத்துலயே போட்டுக்கோ."

ஆறு வாசல்வரை போய்த் தயங்கி நின்றது. வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டது. தலைவர், பொருளாளர்கள், ஜெனரேட்டர் எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். வடிவு வழக்கம்போல் இசக்கியைப் பார்த்தாள். இசக்கியும் வடிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இடக்கையைத் தூக்கி வழி காட்டினாள்.