கரடி இல்லாத கவுண்டி

1966 மார்ச் இரண்டாம் வாரத்தில், மேற்கு ஜெர்மனியில் பான் நகரின் தெற்குப் பகுதியில் வைதேகி குடியிருந்த மாடி அறைக்கு அமெரிக்காவின் மெரிடன் கவுண்டி, நம் ஊர்க் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம், வந்து சேர்ந்தது. பரப்பளவு ஆயிரத்து நூற்றுப் பதினாறு சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை, கடைசிக் கணக்கெடுப்பின்படி, ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அறை பதினான்கு சதுர மீட்டர். முதல் நாள் மக்காச்சோளக் காட்டின் காற்று மட்டும் வந்தது. மறுநாள் அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் அடிவானம் தெரிந்தது. வாரக் கடைசியில் செங்கல் நீதிமன்றமும், நான்கு நிமிடம் பிந்தி ஓடும் அதன் கடிகாரமும், பண்ணைப் பன்றிகளும் வந்தன. வீட்டுக்காரி ஃப்ராவ் கிராஸ் படியேறி வந்து பார்த்துவிட்டு, பன்றிகள் மாடிப்படியில் இறங்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பன்றிகளும் இறங்கவில்லை.

வைதேகி திருச்சியிலிருந்து புவியியலில் டாக்டர் பட்டத்துக்காக வந்தவள். பானுக்குத் தெற்கே உள்ள ஐஃபல் மலைக் கிராமங்களிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறியவர்கள் குடியேறிய கவுண்டி அது. அதைப் பற்றி எழுதச் சொன்னவர் அவளுடைய பேராசிரியர். அவள் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. கணக்கெடுப்புத் தொகுதிகளும், அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்து அம்மாள் பேசி அனுப்பிய பதினொரு ஒலிநாடாக்களும்தான் ஆதாரம். நாடா ஓட ஓடத் தமிழில் குறிப்பெடுப்பாள், கைக்கு அதுதான் வேகம். நிச்சயமானதை மையில் எழுதுவாள், சந்தேகமானதைப் பென்சிலில். சந்தேகப்படுவது சரிதானா என்று தெரியாதபோது பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கவுண்டி அவள் குறிப்புகளில் இருந்தபடியேதான் அறைக்குள் வந்தது. பென்சிலில் இருந்த நார்வேக்காரர் தேவாலயம் ஒன்று மேகமூட்டமான நாட்களில் கண்ணுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேதியியல் ஆராய்ச்சியாளர் குருமூர்த்தி சாப்பிட வருவார். “அமெரிக்காவே உன் ரூம்ல இருக்கு. எனக்கு ஒரு விசா குடுக்கக் கூடாதா?” என்பார்.

“காலைத் துடைச்சுண்டு வாங்கோ சார், அதுதான் விசா” என்பாள் அவள்.

அவர் நீதிமன்றப் புல்வெளி வரை காலாற நடந்துவிட்டு, பூட்ஸெல்லாம் புழுதியாகத் திரும்புவார்.

அந்த ஜூலையில் ஒரு மதியம், அறையில் வைதேகியின் நாற்காலிக்குப் பின்னால் ஓடிய கவுண்டி ஓடையிலிருந்து முப்பத்துநான்கு வயது மதிக்கத்தக்க ஆள் ஒருவர் மரவாளியோடு கரையேறி வந்தார். பெயர் மத்தியாஸ் தேலன் என்றார். அவர் பேசிய ஜெர்மன் வைதேகிக்குப் பாதிதான் புரிந்தது. ஃப்ராவ் கிராஸுக்கு முழுக்கப் புரிந்தது, அவளும் ஐஃபல் மலைக்காரிதான். கணவன் இறந்து பதினேழு வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அந்தத் தெரு அன்றுதான் கேட்டது. மத்தியாஸ் கீழ்த்தளத்து அறையில் தங்கினார். தோட்டத்தைக் கொத்தினார், விறகு பிளந்தார். வைதேகியின் ரசத்தை மருந்து என்று நினைத்துத் தினமும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அவர் வந்து மூன்று வாரம் கழித்து ஒன்பதாவது நாடாவைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. 1853 அக்டோபரில் ஓடையில் தண்ணீர் மொள்ளப் போன மத்தியாஸ் தேலனைக் கரடி அடித்துக் கொன்றது. கவுண்டியின் முதல் சாவு அது. அதனால்தான் ஓடைக்குக் கரடியின் பெயர் வந்தது. வைதேகி பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது நாடாவில் வெறும் பெயராகக் கேட்டதை ‘பேர் கிரீக்’ என்று மையில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் கரடிக்கு முதல் எழுத்து B, பேரிக்காய்க்கு P. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘பே’தான். ஒரு மாதம் கழித்து வரைபடத்துக்காக அதை ஆங்கில எழுத்துக்கு மாற்றியபோது அவள் பேரிக்காய் என்று படித்திருக்கிறாள். வரைபடத்தில் அப்படியே ஏறிவிட்டது. அறையில் ஓடிய ஓடையின் இரு கரையிலும் பேரி மரங்கள் நின்றன. கரடி எங்கும் இல்லை. ஆகவே மத்தியாஸை யாரும் கொல்லவில்லை.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் பேராசிரியர் ஆய்வேட்டைப் படித்தார். அமெரிக்க நில அளவைப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஓடையின் மேல் விரலை வைத்தார். “இங்கே பேரிக்காய் எப்படி வந்தது? வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொண்டு வாருங்கள். தப்பான பெயருள்ள படத்துக்கு நான் பட்டம் தர முடியாது.”

அவள் வீட்டுக்குப் போய் வரைபடத்தை மேசையில் விரித்தாள். கீழே சமையலறையில் மத்தியாஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பேரிக்காயின் முதல் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கரடியின் முதல் எழுத்தை மையில் எழுதினாள். கீழே ஃப்ராவ் கிராஸ் அலறினாள். வைதேகி இறங்கி ஓடிப் பார்த்தபோது மத்தியாஸின் சட்டைத் தோளில் நான்கு நீளக் கோடுகளாக ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்து, “இங்கே ஏதோ மிருக வாடை அடிக்குது” என்றார்.

“மேலே என்னடி செய்தாய்?” என்றாள் ஃப்ராவ் கிராஸ்.

“ஒரு எழுத்து எழுதினேன்.”

“போய் அதை எடு!”

பிளேடால் சுரண்டி எடுத்ததும் ரத்தம் நின்றது. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே வைதேகி மத்தியாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஃப்ராவ் கிராஸ் அதை மலைப் பேச்சில் எடுத்துச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “அதை எழுதாட்டி உனக்கு என்ன போகும்?” என்றார். பட்டம் போகும் என்றாள். பட்டம் என்றால் என்ன என்று கேட்டார். ஃப்ராவ் கிராஸ் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள், அவர்கள் பேச்சில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை சேதி கேட்டு குருமூர்த்தி ஓடி வந்தார். “பைத்தியமா உனக்கு? ஒரே ஒரு லெட்டர்! அந்த ஆளு செத்து நூத்திப் பதினாலு வருஷம் ஆச்சு, வைதேகி.”

“இன்னிக்குக் காலைல எனக்கு ரொட்டி வாங்கிண்டு வந்தார், சார்.”

குருமூர்த்தி தோட்டத்துக்குப் போய், ஒரு கையால் கொத்திக்கொண்டிருந்தவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் வரைபடத்தைப் பேரிக்காயோடு கொடுத்தாள். பேராசிரியர் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். டிசம்பரில் உதவித்தொகை நின்றது. செய்தது சரியா தப்பா என்று வைதேகிக்குப் பல வருடம் நிச்சயமாகத் தெரியவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதிலே இருக்காது. நில வரைபடங்கள் அச்சிடும் ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வசந்தத்தில் கவுண்டி வந்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போனது. நீதிமன்றம் முதலில் போனது, காற்று கடைசியில். மத்தியாஸ் போகவில்லை. 1969இல் வரலாற்றுச் சங்கத்து அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது: கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்தபோது மிகப் பழைய கல்லின் கீழ் யாரும் இல்லை என்று தெரிந்ததாம், அங்கே புல் விதைத்துவிட்டார்களாம், எல்லோரும் நலமாம்.

1972 மே மாதம் மத்தியாஸும் ஃப்ராவ் கிராஸும் திருமணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அதற்கு அவருக்கு அடையாள அட்டை வேண்டும். வருடா வருடம் தங்கும் அனுமதிக்கு அதே அலுவலகத்தில் வரிசையில் நின்று பழகியவள் என்பதால் வைதேகியும் கூடப் போனாள். பிறந்த வருடம் 1819 என்று மத்தியாஸ் சொன்னதை எழுத்தர் அப்படியே தட்டச்சு செய்தார். பிறந்த ஊர் ஐஃபல் மலையில் என்றதும், உள்ளூர்க்காரர், அனுமதி எதுவும் தேவையில்லை என்றார். புகைப்படத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார்: விதிப்படி ஒரு காது தெரிய வேண்டும், இதில் முடி மறைக்கிறது. மத்தியாஸ் எதிர்க்கடையில் முடி வெட்டி, பக்கத்துக் கடையில் படம் எடுத்துக்கொண்டு, அலுவலகம் மூடுவதற்குள் திரும்பி வந்தார்.